சத்தம் இன்னும் சேரவில்லை

படத்தை இழுத்து டிவி முழுக்க நிரப்பிப் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை ஐயா. ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் டிவி வாங்கியதே வீண் என்று நினைக்கிறார்கள். ரிமோட்டை அமுக்கி இழுத்துவிடுவார்கள். கதாநாயகன் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகிவிடும். அதையும் பார்த்துக்கொண்டு முறுக்கு கடித்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஆட்டையாம்பட்டியில் அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

கீழே தறிக்குடோன், அதற்கு மேல் வீடு, மொட்டைமாடியில் என் ரூம். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. தறிச் சத்தம் உள்ளே வராது. திரை, ஸ்பீக்கர், நானே ஒவ்வொரு பாகமாகச் சேர்த்த கம்ப்யூட்டர். எந்த பைலைக் கொடுத்தாலும் அதில் ஓட்டுவேன். பைல் என்பது வெறும் மூட்டைதான் ஐயா. உள்ளே படம் ஒரு விதமாக மடித்திருக்கும், சத்தம் வேறு விதமாக மடித்திருக்கும். இரண்டையும் பிரிக்கத் தெரிந்த கோடெக் என்கிற சாப்ட்வேர் கம்ப்யூட்டரில் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. நம் ஊர் மேதாவிகள் பைல் பெயரின் வாலை, புள்ளிக்குப் பின்னால் வருகிற எழுத்தை, மட்டும் மாற்றி எழுதிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜவ்வரிசி மூட்டையில் சர்க்கரை என்று எழுதினால் அதை டீயில் போட முடியுமா?

மோகன்குமார் அப்படி எழுதுகிற ரகம். என் மனைவி மஞ்சுளாவுக்கு ஒரே அண்ணன். வெண்ணந்தூரில் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தார். நிலத்தைத் துளைக்கிற தொழில், பேச்சும் அப்படியே இருக்கும். மாரியம்மன் நோம்பிக்குக் கறிச்சோறு உண்ண எல்லாச் சொந்தமும் வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன்பே பென் டிரைவை நீட்டினார். உள்ளே ஏதோ புதுப் படம், எங்கிருந்து இறக்கினாரோ. வாலையும் மாற்றி வைத்திருந்தார். மாமன், மச்சான், நங்கையா, கொழுந்தியா என்று ரூம் நிறைய ஆள். திரையில் கறுப்புதான் வந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, எஞ் செல்லுலயே ஓடுற படம். இத்தாப் பெரிய ரூமு கட்டி வெச்சிருக்கறீங்க, ஓடமாட்டீங்குதே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளாவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அது எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

சாப்பிட்டதும் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மற்றவர்களும் பின்னால் போய்விட்டார்கள். மோகன்குமார் மட்டும் வயிறு மந்தமாக இருக்கிறது என்று கீழே கூடத்தில் படுத்துக்கொண்டார். நான் மேலே போய் அந்த பைலைப் பிரித்துப் பார்த்தேன். படம் புது முறையில் மடித்தது. அதற்குரிய கோடெக்கைப் போட்டதும் வந்துவிட்டது. ஆனால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் அவர் மேலே வந்திருக்கிறார்.

கோயிலிலிருந்து திரும்பியவர்கள் அவரைப் படியில் சாய்ந்து கிடக்கப் பார்த்தார்கள். உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள். நான் உள்ளே இருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். என் ரூம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும், நம்பினார்கள்.

மஞ்சுளாவுக்கு மட்டும் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "அண்ணன் கடைசியா என்னையக் கூப்புட்டாங்களான்னு பாக்கோணுமுங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். படியில் நான்தான் கேமரா மாட்டியிருந்தேன், மைக் வைத்தது. அந்தப் பதிவை நான் அழித்திருக்கலாமே என்பீர்கள். சுத்தமாகப் பதிவானதை அழிக்க எனக்குக் கை வராது. தேவையும் இல்லை. அந்தக் கேமராப் பெட்டி தனக்கென்று ஒரு விதத்தில் பதியும், என் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதிலும் ஓடாது. அவள் கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அவள் அதைக் கழற்றிச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனாள். கூடவே நானும் போனேன். கடைக்காரன் இரண்டு தட்டுத் தட்டினான். பைலின் வாலை மாற்றினான். பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் வந்தது.

"இது செத்த பைலுங்கக்கா. எந்தக் கொம்பன் வந்தாலும் ஓட்ட முடியாதுங்க," என்றான்.

மஞ்சுளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு ரூமில் திரை கறுப்பாக நின்றபோது பார்த்த அதே பார்வை. நான் வாயை மூடிக்கொண்டு ஆட்டோ பிடித்திருந்தால் உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் ஒரு தற்குறி என் முன்னால் நின்று ஓட்ட முடியாது என்கிறான். அதை எப்படிக் கேட்டுக்கொண்டு வருவது, நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து, ரூமில் விளக்கை அணைத்து, சொந்தக்காரர்களையும் உட்காரவைத்து ஓட்டினேன். இழுக்காமல், சரியான அளவில். மோகன்குமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிறார். கதவைத் தட்டுகிறார். கதவு ஒரு சாண் திறக்கிறது. என் முகம் தெரிகிறது.

"மாப்பிள்ளை, நெஞ்சடைக்குதுங்க. காரை எடுங்க சாமி."

"சித்த இருங்க மச்சான். சத்தம் இன்னும் சேரல. சேந்ததும் கூப்புடறேன், வந்து பாருங்க."

கதவு மூடுகிறது. தாழ்ப்பாள் விழுகிறது. ஆமாம் ஐயா, பார்த்தேன், கேட்டேன், சாத்தினேன். வேர்த்துக் கொட்டியதையும் பார்த்தேன். சிரித்தவர் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். மறுபடி திறந்து பார்க்கவில்லை. சத்தம் சேர்ந்த பிறகு முழுப் படத்தையும் பார்த்தேன். மட்டமான படம்.

பதிவின் கடைசியில் அவர் "மஞ்சு" என்கிறார், மூச்சுக்கு அடியில். சாதாரண டிவியில் அது காதிலேயே விழுந்திருக்காது. என் ஸ்பீக்கரில் அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

மஞ்சுளா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னொருக்கா போடுங்க," என்றாள். கல்யாணமானதிலிருந்து நான் ஓட்டிய எதையும் அவள் இரண்டாவது முறை பார்க்கக் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் போட்டேன்.