பெரிய வியாழனுக்கு முன்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா. காற்று நேரே தொண்டையில் பட்டால் மறுநாள் எனக்குக் குரல் எழும்பாது. இனி எங்கே போய்ப் பாடப் போகிறான் இவன் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனாலும் தொட்டில் பழக்கம், விடுகிறதா?

பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, மாலையில் பங்குக் கோயில் பாடகர் குழு. நேரில் மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஆமென்' என்பார்கள். ஓர் ஆமெனைச் சரியாகப் பாடி முடிக்கும்வரை யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்பதால் வந்த பெயர் அது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆமெனையே அரைகுறையாகச் சொல்கிறவன் மற்றதைச் சொல்லி என்ன கிழித்துவிடப் போகிறான்.

நாங்கள் லத்தீனில் பாடுகிறவர்கள். ஒரு காலத்தில் பாடகர் மாடி கொள்ளாத கூட்டம் இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு கைப்பிடி ஆட்கள், பழைய ஆர்கன், அதை வாசிக்கும் என் மைத்துனன். மாதத்தில் ஒரு ஞாயிறை மட்டும் பெரிய சாமியார் எங்களுக்கு விட்டுவைத்திருந்தார். மற்ற ஞாயிறெல்லாம் இளைஞர் குழு. கிட்டார், கீபோர்டு, கைதட்டல், சுவரில் பாட்டு வரிகள் ஓடும் திரை. கோயிலுக்கு வந்தோமா கல்யாண வரவேற்புக்கு வந்தோமா என்று தெரியாது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, இடம்தான் இல்லை.

ஞாயிறுகளைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடக்கப் பூசைகள். எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடிய தபால்காரர் இறந்தார். ஆயுள் முழுக்க என் பக்கத்தில் நின்று பாடிய மனிதர். அவர் மகள் கீபோர்டுக்காரனை ஏற்பாடு செய்துவிட்டு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்பாவுக்கு உங்கள் பாட்டுதான் பிடிக்கும், ஆனால் அழப்போவது நாங்கள்தானே மாஸ்டர் என்றாள். நான் கடைசி பெஞ்சில் யாரோ மூன்றாம் மனிதன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். லத்தீன் அடக்கப் பூசையை முழுதாகப் பாடாமலே நான் செத்துப்போவேன் என்பது அன்றைக்கு உறைத்தது. எனக்கு வயிறு எரிந்தது ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை.

இந்தக் காலத்தில் அந்தப் பூசையை வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆத்மா, எங்கள் குழுவிலேயே பாடிய என் மனைவி. போன வருடம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க வந்த பெரிய சாமியாரிடம் சொன்னாள்: "நான் போனா லத்தீன் பூசைதான் வைக்கணும் சாமி. இவரு பாடணும்." சாமியார் அவள் தலையில் கைவைத்து, நான் இந்தப் பங்கில் இருக்கும்வரை அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார்.

அவர் இருக்கும்வரை. அந்த வார்த்தையைக் கவனியுங்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தாள். மூக்கில் குழாயும் கையில் ஜெபமாலையுமாக ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கஞ்சி வைத்தது, உடம்பு துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் நான்தான். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் கடைசியில் அவளுக்கு முகம் தெளிந்தது. இன்னும் சில மாதத்தில் மெஷினை எடுத்துவிடலாம், அதுவரை ஐந்து நிமிடம்கூட நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மைத்துனன் அங்கேயே அழுதுவிட்டான். நானும் சந்தோஷம் என்றேன்.

அதே வாரம் பெரிய சாமியாருக்கு மாற்றல் வந்தது. ஈஸ்டர் முடிந்த மறுநாள் கிளம்ப வேண்டும். புதிதாக வரப்போகிறவரை அழைத்துக்கொண்டு அவளுக்கு நற்கருணை கொடுக்க வந்தார். புதியவர் இளவயது, சிரித்த முகம். நான் லத்தீன் பேச்சை எடுத்ததும், "செத்துப்போன பாஷையில பாடினா செத்தவங்களுக்கு வேணா புரியும் மாஸ்டர், இருக்கிறவங்களுக்கும் புரிய வேண்டாமா?" என்றார். என் மனைவி இருமல் வரும்வரை சிரித்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் ஞாயிறு முடியும்வரை அடக்கப் பூசை கிடையாது. யார் இறந்தாலும் வெறும் செபம் சொல்லிப் புதைப்பார்கள், பூசை வைக்கமாட்டார்கள். அது திருச்சபைச் சட்டம். ஈஸ்டர் முடிந்தால் சாமியார் இல்லை, சாமியார் இல்லையென்றால் வாக்கும் இல்லை. அந்த வாரத்தைத் தொடங்கும் குருத்து ஞாயிறும் உதவாது, தவக்கால ஞாயிறுகளில் அடக்கப் பூசை வைக்கக்கூடாது. ஆக, மிஞ்சியது பெரிய வாரத்தின் திங்கள், செவ்வாய், புதன் மட்டும். இதை நான் ஏதோ சதித்திட்டம் மாதிரி உட்கார்ந்து போடவில்லை ஐயா. பாடகர் குழு நடத்துகிறவனுக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் ஓடும். எந்த நாளில் என்ன பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதுதானே என் வேலை.

மாட்டிக்கொண்டது எதனால் என்று கேட்டால், ஒத்திகையால். ஒத்திகை பார்க்காமல் நான் எந்தப் பூசையும் பாடியதில்லை. குருத்து ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் குழுவை மாடியிலேயே நிறுத்தி, லத்தீன் அடக்கப் பூசையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பாட வைத்தேன். ஈஸ்டர் பாட்டுக்கே இன்னும் ஒத்திகை ஆகவில்லையே என்று முணுமுணுத்தார்கள். ஆர்கனிலிருந்து மைத்துனன் தலையைத் திருப்பி, "யாருக்கு அத்தான் இது?" என்று கேட்டான். தொண்டை பழகட்டும் என்றேன். திங்கட்கிழமை அவன் அக்கா இறந்தாள். அவன் முட்டாள் இல்லை, இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறான். சொந்த மைத்துனனே காட்டிக்கொடுத்தான் என்று நான் குறை சொல்லமாட்டேன். பூசையில் அவன் தப்பில்லாமல் வாசித்தான், எனக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமைப் பூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் சுருதி விலகவில்லை. பெட்டியைத் தூக்கும்போது பாடும் பாட்டில் குழுவே ஒரே குரலாகிவிட்டது. இளைஞர் குழுப் பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். பெரிய சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்து வெச்ச மகராசி" என்றார். நான் அழவில்லை. அழுதால் பாட முடியாது.

அவள் ஆசையை நிறைவேற்றினேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் மைத்துனன் உங்களிடம் வேறொன்று சொல்லியிருக்கிறான் என்று தெரிகிறது. அதையும் நான் மறுக்கவில்லை. புதிய சாமியார் வந்துபோன அன்று அவன் காதுபடத்தான் அவள் சொன்னாள்: "ஏங்க, அந்தப் பூசை எனக்கு வேண்டாங்க. இத்தனை வருஷமா ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமத்தான் உங்க பக்கத்துல நின்னு பாடினேன். கடைசியாவாவது எனக்குப் புரியற மாதிரி பாடட்டுமே, அந்தப் பிள்ளைங்க."

சீக்காளி பேச்சு. மருந்து மயக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள். சாமியார் முன்னால் சொன்னது பெரிதா, சாய்ந்துகொண்டு சொன்னது பெரிதா? அர்த்தம் தெரியவில்லை என்றால் ஒரு நாளாவது என்னிடம் கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டின புருஷன் பக்கத்தில் நின்று, அத்தனை வருடம் கிளிப்பிள்ளை மாதிரி பாடியிருக்கிறாள். எனக்குத்தான் அவமானம். அப்படியும் நான் கோபப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாள். மெஷினை நிறுத்தினேன். அந்த இரைச்சல் நின்றதும் அறை நன்றாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டாள். மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

எதிர்வீட்டம்மா பிறகு ஓடிவந்து பார்த்தபோது நாங்கள் கைகோத்துக்கொண்டிருந்தோம். கடைசி மூச்சுவரை பிடித்த கையை விடவில்லையே என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொல்லி அழுதாள். தெருவே சொன்னது. அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் இரண்டு கையையும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் இருந்த கன்றல் அதனால் வந்ததுதான்.

சாகும்போது என்ன சொன்னாள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். "விடுங்க" என்றாள். லத்தீன் இல்லை, நம் பாஷைதான். எனக்கு நன்றாகவே புரிந்தது.