மாப்பிள்ளை மரியாதை

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பஞ்சமில்லை, ஐயா. சில்லறை இல்லை என்று கண்டக்டர் நம்மை நடுவழியில் இறக்கிவிட்டாலும் 'எறங்குங்க' என்றுதான் சொல்வார். குடுமியான்மலைக்கு மேற்கே வந்தால் இந்த மரியாதை மிருகங்கள் வரைக்கும் நீளும். கரட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் மானை மான் என்று சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் அது நின்ற இடத்தில் நிற்காது என்று ஒரு நம்பிக்கை. மாப்பிள்ளை என்பார்கள். மாப்பிள்ளை என்று ஆன பிறகு அவன் இவன் என்று பேச முடியுமா? 'மாப்பிள்ளை வர்றாரு', 'மாப்பிள்ளை தண்ணி குடிக்கிறாரு.' சுட்டு உரித்த பிறகுதான் அந்த மரியாதை போய்க் கறியாகும்.

போன வாரம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லின் வால் பிழையாக விழுந்திருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஸ்டேஷன் ரைட்டர் ஐயாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன். மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

என் பெயர் ஜெரால்டு. ஆவூர்ப் பக்கம். புதுக்கோட்டையில் பி.ஏ. கடைசி வருஷம். கேன்டீன் சாம்பாருக்கு நான் எழுதிய இரங்கல் செய்தி கல்லூரியின் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடியது. என் சிறப்பு, முகம் மாறாமல் சொல்வது. நான் விளையாடுகிறேனா நிஜமாகச் சொல்கிறேனா என்று என்னைப் பெற்ற மரிய செல்விக்கே தெரியாது. வன உயிரின வார விழாவில் அதே முகத்தோடு 'வேலை கேட்டு ஒரு மானின் விண்ணப்பம்' வாசித்து முதல் பரிசு வாங்கினேன். முன்வரிசையில் ஒரு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரிசுப் படத்தை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அந்த வாரக் கடைசியிலும் நான் கரட்டில்தான் இருந்தேன்.

வேட்டைக்கு வழிகாட்டுவது நானும் முத்துராஜும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. எங்கள் வயதுப் பையன்கள் எல்லோரும் அப்படித்தான்.

எங்களிடம் வந்தவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூரில் மில் வைத்திருப்பவர். இப்போது சிறையில் இருப்பவர். அமெரிக்காவில் பாலைவன மலைகளில் கழுதைக் காது மாதிரி காதுள்ள மான் இருக்கிறதாம். அதை வேட்டையாடும் வீடியோக்கள் ஒன்று விடாமல் பார்த்திருந்தார். வெயிலில் வெந்த பாறை, முள், கள்ளி என்று எங்கள் கரடும் பார்வைக்கு அப்படியே இருக்கிறதாம். 'அந்த மான் இங்க இருக்கா தம்பி?' என்று கேட்டார். 'காது இருக்கு சார், ஆளுகளுக்கு' என்றேன். முகம் மாறாததால் அவர் தலையாட்டிக்கொண்டார். அந்த ஊரில் வழிகாட்டிகள் லைசென்ஸோடு இருக்கிறார்களாம். நாங்கள் இல்லாமல் இருந்தோம். மற்றபடி வேலை ஒன்றுதான். கெஸ்ட் பூசிவந்த சென்டைக் கழுவச் சொல்வேன். புழுதியைக் கிள்ளிப் போட்டுக் காற்று எங்கிட்டுப் போகிறது என்று பார்ப்பேன். காற்று நம் முகத்தில் அடிக்கிற மாதிரி சுனைக்கு மேலே பாறை மறைவில் உட்கார வைப்பேன். முத்துராஜ் பின்பக்கமாகச் சுற்றிப் போய் மானைச் சுனைப் பக்கம் கலைத்து விடுவான்.

முதல் தடவையே ஒரு சங்கடம் வந்தது. முத்துராஜ் பாறைக்கு அங்கிட்டு இறங்குவதைப் பார்த்து 'மாப்ள போறான்' என்றேன். மில்க்காரர் சட்டென்று துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். குழலைக் கையால் அமுக்கி, அங்கேயே அவருக்கு இலக்கணப் பாடம் எடுத்தேன். 'வர்றான், போறான்னு சொன்னா அது நம்ம பய. வர்றாரு, போறாருன்னு சொன்னா அது மான். நீங்க கண்ணால பாக்க வேணாம் சார், என் வாயக் கேட்டாப் போதும்.' அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வரும்போதெல்லாம் 'ஆன்னா பையன், ஆருன்னா மான்' என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறுவார். தமிழ் வகுப்பில்கூட அவ்வளவு சுத்தமாகப் பாடம் ஏறி நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒரு பெட்டை விழுந்தது. முத்துராஜ்தான் வயிற்றைக் கிழித்தான். உள்ளே குட்டி இருந்தது. மேலே புள்ளிகூட எழுந்துவிட்டது. அவன் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் எங்கேயோ புதைத்தான். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் கறி தின்னவில்லை. சிரிப்பதும் குறைந்துபோயிற்று. எனக்கு அது வசதிக்குறைவாக இருந்தது, என் பகடிக்கெல்லாம் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

“திங்கக்கெழம ரேஞ்சர் ஆபீஸுக்குப் போறேன் மாப்ள. நடந்ததச் சொல்லிட்டு வந்துர்றேன்.”

“வந்துர்றேன்னு நீ சொல்ற. அவங்க விடணும்ல.”

“விடாட்டி உள்ள இருக்கேன். ஒம் பேரையும் சொல்லித்தான் ஆகணும். மூஞ்சி மாறாமப் பொய் சொல்ல ஒனக்கு வரும். எனக்கு வராது.”

ஞாயிற்றுக்கிழமை மில்க்காரர் வருகிறார், அது ஒன்றோடு நிறுத்திவிடலாம் என்றேன். தான் வரப்போவதில்லை என்றான். அப்படியானால் நான் மட்டும் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“போ. நான் சொனைக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு மானே மானேன்னு கூப்புடுறேன். பேரச் சொன்னாத்தான் போயிருமே.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நல்ல பகடிதான். நான் சிரிக்கவில்லை.

நான் ஜெயிலுக்குப் பயந்ததாக நினைத்துவிட வேண்டாம், ஐயா. ஜெயிலைப் பற்றி ஒரு தொடர் எழுதலாம். எனக்கு இருந்தது வெட்கம். மானின் விண்ணப்பத்தை வாசித்தவன் மான் வேட்டைக்கு வழிகாட்டினான் என்று குரூப்பில் போடுவார்கள். என்னைவிட நன்றாக எழுதுகிறவன் அங்கே இல்லை. ஆனால் இந்தச் செய்தியை நன்றாக எழுத வேண்டியதே இல்லை, அப்படியே போட்டாலே சிரிப்பு வரும். அதுவரை நான் மற்றவர்களைச் சிரிப்புக்கு இடமாக்கியவன். அந்த வேலையைச் செய்கிறவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு வலிக்கும் என்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் சுனைக்கு மேலே இருந்தோம். புழுதியைக் கிள்ளிப் போட்டேன். காற்று எங்கள் முதுகிலிருந்து ஊர்ப்பக்கம் இறங்கிப் போனது. முறைப்படி எதிர்ப்பாறைக்கு மாறியிருக்க வேண்டும். நான் மில்க்காரரை அங்கேயே, ஊர்ப்பக்கம் பார்க்க உட்கார வைத்தேன். எங்கள் வாடை போகிற அந்தப் பக்கத்திலிருந்து எந்த மானும் வராது. ஊரிலிருந்து வருகிற ஆள் வரலாம். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

வெளுத்து வரும்போது காரைப் புதருக்குள் அசைவு தெரிந்தது. பனிக்குத் தலையோடு பழுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, முள்ளுக்குக் குனிந்து முத்துராஜ் வந்துகொண்டிருந்தான். கிளையை விலக்கும்போது இடது கையை மட்டும் நீட்டுவான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேனா கடன் கொடுத்ததும் அந்தக் கையால்தான். மில்க்காரருக்குப் பழுப்பும் அசைவும்தான் தெரிந்தன. என் பக்கம் திரும்பாமல், என்ன என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் சுட்டார்.

நாங்கள் இறங்கிப் போனபோது அவனுக்கு உயிர் இருந்தது. மில்க்காரர் பாறையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். முத்துராஜ் என்னைத்தான் பார்த்தான்.

“மானு போயிருச்சா மாப்ள?”

“போயிருச்சுடா” என்றேன்.

அன்று மான் வரவே இல்லை. அவனிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது. அதற்கும் என் முகம் மாறவில்லை.

துக்க வீட்டில் அவன் அம்மா மூக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டு 'கடைசி நேரத்துல நீயாச்சும் கூட இருந்தியேப்பா' என்று சொன்னார்கள். சாப்பிட்டாயா என்றும் கேட்டார்கள். கல்லூரியில் அவனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். நண்பனைப் பறிகொடுத்தவன் என்று என்னைப் பற்றி என் வகுப்பு ஜெனிஷா குரூப்பில் எழுதியிருந்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை, ஐயா. அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை. தாடியைத் துக்கத்துக்கு வளர்ப்பதாக நினைக்கிறார்கள்.

இப்போது பிழைக்கு வருகிறேன். கெஸ்ட்டை எச்சரிக்க 'மாப்ள வர்றான்' என்றேன், அவர் மான் என்று தவறாக எடுத்துக்கொண்டார் என்று போன வாரம் சொன்னேன். ரைட்டர் ஐயா அதை அலுவலகத் தமிழில் 'என் நண்பர் வருகிறார் என்று எச்சரித்தேன்' என்று எழுதினார். காகிதத்தில் எல்லோருக்கும் 'ஆர்' போடுவது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஆளையும் மானையும் பிரித்துக்காட்ட எங்களிடம் இருந்த ஒரே அடையாளம் அதில் அழிந்துபோகிறது. மில்க்காரர் அங்கே சிறையில் எல்லோரிடமும் 'அவன் ஆருன்னுதான் சொன்னான்' என்று புலம்புகிறாராம். பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். பிடிக்கவில்லை. படித்த பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்.

நான் யாரையும் சுடவில்லை. துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. இரண்டே வார்த்தை பேசினேன், இரண்டும் உண்மை. அவன் எனக்கு மாப்பிள்ளைதான். அவன் வந்துகொண்டும்தான் இருந்தான். இதை நானே பலமுறை எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். என் வாக்கியத்தில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. திருத்தம் மட்டும் இது: நான் சொன்னது 'வர்றான்' அல்ல, 'மாப்பிள்ளை வர்றாரு.'

ஆறாம் வகுப்பிலிருந்து பழகியதில், முத்துராஜுக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.