பம்பரில் ஒரு கோடு

— ஒரு இன்ச்சுகூட நகத்தக் கூடாது தம்பி. நீயும் நகத்தாத, நானும் நகத்த மாட்டேன். போலீஸ் வந்து பாக்கட்டும்.

— நல்லா குனிஞ்சு பாருங்க அங்கிள். உங்க வேன் பம்பர்ல ஒரு கோடு. என் லோரிக்கு அதுகூட இல்ல. இதுக்குப் போயி போலீஸா?

— அண்ணே, மணி பத்தே கால் ஆச்சு. வண்டிய எடு.

— நீ உள்ள போயி உக்காரு பவளம். நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல.

— உள்ள உக்காந்துதானே இவ்ளோ நேரம் பாத்தேன். பின்னால திரும்பிப் பாருண்ணே. திரிங்காப் கடை வரைக்கும் வண்டி நிக்குது.

— நிக்கட்டும். பின்னால வந்து இடிச்சவன் இவன். எடம் மாறுச்சுன்னா கத மாறிப்போயிரும். சட்டம்னு ஒண்ணு இருக்கு.

— எங்க மொதலாளி தவுக்கேயும் போன்ல அதேதான் அங்கிள் சொல்றாரு. "கோகிலன், லோரி என்னோடது, நான் வந்து பாக்குற வரைக்கும் தொடாத"ங்குறாரு. இருபது நிமிஷமா வந்துகிட்டே இருக்காரு.

— எங்க இருக்காராம் உன் தவுக்கே?

— பின்னால ஜாமுல மாட்டிக்கிட்டாராம் ஆண்ட்டி.

— எந்த ஜாமு?

— நம்ம ஜாமுதான்.

— சிரிக்காத தம்பி. உன் லோரி மூக்கு அந்தப் பக்க ரோட்டுல நீட்டிக்கிட்டு நிக்குது. எதுத்தாப்புல வர்றவனும் நிக்கிறான். எல்லாம் உன்னாலதான்.

— இடிக்காம இருக்கத்தான் அங்கிள் அந்தப் பக்கம் ஒடிச்சேன். நாப்பது மூட்ட கோஸ் ஏத்தியிருக்கேன். நேரா வந்திருந்தா கோடா விழுந்திருக்கும்? கோகிலனுக்கு ஒரு தேங்ஸ் சொல்லுங்க.

— உனக்கு எந்த ஊருப்பா?

— கோலா தெர்லா, ஆண்ட்டி.

— கோகிலன், நீயாச்சும் நான் சொல்றத கேளு. பன்னெண்டு மணிக்குள்ள நானும் அண்ணனும் தானா ராத்தா டவுனு பதிவு ஆபீஸ்ல இருக்கணும். என் மகளுக்கு ஐசி இல்ல, அடையாள அட்டையே இல்ல.

— தொலைச்சிட்டாங்களா?

— இருந்தாத்தானே தொலைக்கிறதுக்கு. பதினெட்டு வயசு ஆச்சு. பொறப்பு சூராட்டே இல்ல, பதிஞ்ச சர்டிபிகேட்டே இல்ல.

— இந்தக் காலத்துலயா? எப்படி ஆண்ட்டி?

— அவ பொறந்தப்ப பேய் மழ. மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியல. எஸ்டேட்டு கிளினிக்குல மருந்து குடுக்குற டிரசர் ஐயாதான் பிரசவம் பாத்தாரு. என் வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேலையில இருந்தாரு. எங்க லயத்துலயே மலாய் எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு அண்ணன்தான். அதனால அண்ணன்தான் டவுனுக்குப் பதியப் போனாரு.

— போனவரு பதிஞ்சாரா இல்லையா?

— பதிஞ்சேன்யா. ஆபீஸ்ல தொலைச்சிட்டானுங்க. இத ஆயிரம் பேருகிட்ட ஆயிரம் தடவ சொல்லியாச்சு. உனக்கும் சொல்லணுமா?

— கோவப்படாதீங்க அங்கிள். கேட்டேன், அவ்ளோதான்லா.

— அவளுக்கு நர்ஸ் படிக்க எடம் கெடச்சிருக்கு தம்பி. ஐசி நம்பரு இல்லாம சேத்துக்க மாட்டாங்களாம். குவாந்தான்லேர்ந்து ஒரு பெரிய ஆபீசரு வந்திருக்காரு. இன்னைக்கு ஒரு நாளுதான், அதுவும் பன்னெண்டு வரைக்கும்தான். பதியப் போனவரு நேர்ல வரணும். இவரு இல்லாம நான் மட்டும் போயி ஒண்ணும் ஆகாது.

— அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் லோரிய எடுக்குறேன். தவுக்கே ஏசுனா ஏசட்டும்.

— எடுக்காத! எடுத்தா சாட்சி போயிரும்.

— படம் புடிச்சாச்சு அங்கிள். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, பக்கத்துல ரெண்டு. உங்க மூஞ்சிகூட ஒண்ணுல நல்லா விழுந்திருக்கு.

— போன்ல புடிக்கிற படத்த எப்படி வேணாலும் மாத்தலாம். என் மூஞ்சிய எடுத்துட்டு உன் மூஞ்சிய வைப்பானுங்க.

— என் மூஞ்சிய வச்சு அவங்களுக்கு என்ன லாபம்?

— அண்ணே, அந்தப் பேச்சு எதுக்கு? வண்டிய எடு.

— போலீஸ் வரட்டும் பவளம். ரிங்லெட்டுல ஒருத்தன் நல்லவன் மாதிரி ஓரமா நகத்தி வச்சான். கடைசில அவன் தலையிலயே கட்டிட்டாங்க. தெரியுமா உனக்கு?

— யாரு அது?

— ஒருத்தன்.

— சரி, இருங்க. நான் போலீஸுக்கே போன் போட்டுக் கேக்குறேன்.

— கேளு, கேளு.

— மணி பத்தரைண்ணே.

— தெரியுது.

— எல்லாரும் கத்துறாங்க. டூரிஸ்டு பஸ்ஸுலேர்ந்து புள்ளைங்க எறங்கி ரோட்டோரத்துல ஒண்ணுக்குப் போகுதுங்க. ரோட்டோரக் கடை அம்சவல்லி சோளத்தக் கூடையில எடுத்துக்கிட்டு வண்டி வண்டியா போயி விக்கிறா. நம்மளப் பாத்து, "நல்ல எடமாப் பாத்து நின்னீங்கக்கா"ங்குறா.

— வித்துட்டுப் போகட்டும்.

— உனக்கு என்னண்ணே ஆச்சு இன்னைக்கு?

— அங்கிள், கேட்டுட்டேன். சார்ஜன் ஒருத்தரு பேசுனாரு. யாருக்கும் அடி இல்லன்னா படம் புடிச்சுக்கிட்டு வண்டிய ஓரமா எடு, அப்புறம் ரெண்டு பேரும் ஸ்டேசனுக்கு வந்து ரிப்போர்ட் போடுங்கன்னாரு.

— இங்க வர மாட்டானாமா?

— வரலாம்தான், ஆனா ரோடு ஜாமா இருக்குங்குறாரு.

— அவரு பேரு என்ன?

— கேக்கல அங்கிள்.

— பேரு தெரியாதவன் போன்ல சொன்னான்னு நான் நகத்தணுமா? போன்ல சொன்னா சட்டமா?

— அண்ணே!

— ஆண்ட்டி, நீங்க இருங்க. அங்கிள், இப்படி வச்சுக்குவோம். தப்பு என்னோடது. பின்னால வந்தவன் நான், இடிச்சவன் நான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போதுமா?

— எதுல எழுதுவ?

— மலாய்லயே எழுதுறேன்.

— உன் மலாய நான் நம்ப மாட்டேன்.

— அப்ப தமிழ்ல எழுதுறேன்.

— தமிழ்ல எழுதுனா போலீஸ் படிப்பானா?

— நீங்களே எழுதுங்க அங்கிள்! நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன். எனக்குத் தல சுத்துது. இடிச்சவன் நான். ஒத்துக்கிறவன் நான். ஜெயிச்சவரு நீங்க. ஜெயிச்சவரு வீட்டுக்குப் போகணும்லா?

— அண்ணே, நீ இப்படி அடம் புடிக்கிற ஆளே இல்லையே. போன மாசம் டாக்சிக்காரன் உன் சைடு கண்ணாடிய ஒடச்சிட்டான். பரவால்ல போய்யான்னு கைய காட்டி அனுப்புன.

— அது கண்ணாடி.

— இது கோடுண்ணே.

— அங்கிள், ஒண்ணு கேக்கணும். கேட்டா ஏசக் கூடாது.

— என்ன?

— நீங்க எதுக்குப் பிரேக் அடிச்சீங்க?

— நாய் வந்துச்சு.

— நாயா? நானும் முன்னாலதானே உக்காந்திருந்தேன்?

— நீ போனப் பாத்துக்கிட்டு இருந்த.

— என்ன நெறம்?

— நாய் நெறம்தான். என்ன கேள்வி இது?

— ஆண்ட்டி, லோரியில கேமரா இருக்கு. தவுக்கே மாட்டி வச்சிருக்காரு, நான் எங்கெங்க டீ குடிக்கிறேன்னு பாக்க. இங்க போன்லயே பாக்கலாம். இதோ. லோரி ஒசரம், உங்க வேனுக்கு முன்னாலயும் தெரியும் பாருங்க. ரோடு. தேயில. ரோடு. நாய் இல்ல, கோழி இல்ல. சும்மா வந்துகிட்டே இருக்கீங்க. பிரேக் லைட்டு. டொக்.

— இன்னொரு தடவ போடு தம்பி.

— ரோடு. தேயில. டொக்.

— பனி மூடியிருந்துச்சு. கேமராவுல தெரியாது.

— வெயிலு பல்ல இளிக்குது அங்கிள்.

— இருங்க, என் மக பூவிழி கூப்பிடுறா. ஹலோ... இல்லடி, வந்துகிட்டுத்தான் இருக்கோம். ஒரு லோரி லேசா இடிச்சிருச்சு... இல்ல, ஒண்ணும் ஆகல. மாமா நல்லாத்தான் இருக்காரு. நிக்கிறாரு... சரி. சரி. ஆபீஸ்லயே இரு, எழுந்து போயிராத.

— என்ன சொல்றா?

— மாமாவுக்கு அடிபட்டுச்சான்னுதான் மொதல்ல கேக்குறா. அதுக்கப்புறம்தான் நம்பரு. நமக்கு முன்னால இன்னும் ஒம்பது பேரு இருக்காங்களாம்.

— சாப்பிட்டாளா?

— மொத பஸ்ஸுக்குப் போனவண்ணே. எங்க சாப்பிட்டிருப்பா?

— ஆண்ட்டி, இந்த அண்ணன் வேலப்பன். எங்க பக்கத்துத் தோட்டம். மோட்டாருல தானா ராத்தாவுக்குத்தான் போறாரு. ரெண்டு ஹெல்மெட்டு வச்சிருக்காரு. அங்கிள ஏத்திக்குவாரு. ஓரத்துல பூந்து பூந்து அர மணி நேரத்துல எறக்கி விட்டுருவாரு. வேன் இங்கேயே நிக்கட்டும், கோடு அப்படியே இருக்கட்டும், சட்டமும் அப்படியே இருக்கட்டும். சாவிய மட்டும் குடுங்க, போலீஸ் வந்தா நான் காட்டுறேன்.

— மோட்டாருல எனக்கு இடுப்பு வலிக்கும்.

— பத்து கிலோமீட்டரு அங்கிள்.

— பத்துனாலும் இடுப்பு இடுப்புதான்.

— அண்ணே, போன வாரம் பக்கத்து வீட்டு ரசாக் மோட்டாருல ஈப்போ வரைக்கும் போயிட்டு வந்த.

— அதனாலதான் வலிக்குது.

— எனக்கு ஒண்ணுமே புரியல ஆண்ட்டி. அடிச்சு சொல்றேன், இந்த ரோட்டுல ஏழு வருஷம் ஓட்டியிருக்கேன், இந்த மாதிரி எக்சிடன் பாத்ததே இல்ல. தப்பு பண்ணவன் போயிடலாங்குறான். பண்ணாதவரு நின்னு அரெஸ்ட் பண்ணுங்குறாரு.

— தம்பி.

— சொல்லுங்க அங்கிள்.

— நீ கொஞ்சம் அந்தாண்ட போ.

— போயி என்ன பண்ண?

— உன் லோரிய எடு. எடுத்து ஓரமா நிறுத்து.

— எடுக்கலாமா? சாட்சி போயிராதா?

— எடுய்யா.

— அப்ப இவ்ளோ நேரம் எதுக்கு... சரி, சரி. கேக்கல. எடுக்குறேன். வேலப்பண்ணே, அந்தப் பக்கம் வர்ற வண்டிய நிறுத்துங்க, நான் பின்னால எடுக்குறேன்!

— அப்பாடா. ஏறுண்ணே. மணி பத்தே முக்கா. வேகமா போனா கெடச்சிரும்.

— பவளம்.

— போற வழியில பேசலாம். ஏறு.

— நாய் வரல.

— அதான் கேமராவுல பாத்தேனே.

— நான்தான் அழுத்துனேன். பின்னால வர்றவன் லேசா இடிக்கட்டும்னு. ஒரு ரெண்டு மணி நேரம் நின்னா போதும்னு நெனச்சேன். பன்னெண்டு ஆயிரும், அவன் குவாந்தானுக்குப் போயிருவான். பின்னால லோரின்னு பாக்கல.

— நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— அதையும் நெனைக்கல.

— ஏன்ணே?

— அந்த ஆபீசரு பழைய புத்தகத்தப் பொரட்டுவான். அந்த வருசம், அந்தத் தேதி. அதுல நான் வந்துட்டுப் போனதா ஒண்ணும் இருக்காது.

— ஏன் இருக்காது?

— நான் போகல பவளம். பிரிஞ்சாங் வரைக்கும்தான் போனேன். என் கூட்டாளி காளிமுத்து அன்னைக்குக் கல்யாண விருந்து வச்சான். வழியில புடிச்சு உக்கார வச்சுட்டான். எழுந்து பாத்தா சாயங்காலம், ஆபீசு மூடியாச்சு. வீட்டுக்கு வர்றேன், நீ புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, "பதிஞ்சாச்சாண்ணே"ன்னு கேக்குற. ஆச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்குப் போயிடலாம்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னேன். மறுநாளு மழ. அதுக்கு மறுநாளு வேல. அப்புறம் பதியுற கெடு நாளு தாண்டிப்போச்சு. தாண்டுன பொறவு போனா, ஏன் லேட்டுன்னு கேப்பான். என்னன்னு சொல்றது?

— பன்னெண்டு வயசுல ஐசிக்குப் போனப்ப இல்லன்னு சொன்னாங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல.

— அப்ப நீ ஆபீஸ்காரனத் திட்டிக்கிட்டு இருந்த. நானும் கூட சேந்து திட்டுனேன். திட்டித் திட்டி, ஒரு நாளு நானே நம்பிட்டேன். டிரசர் எழுதிக் குடுத்த சீட்டக்கூட நான் குடுக்கல.

— அது என்கிட்ட இருக்குண்ணே.

— என்னது?

— அண்ணி தவறினப்ப உன் பொட்டிய ஒதுங்க வச்சது நான்தானே. அடியில மடிச்ச வாக்குல கெடந்துச்சு. டிரசர் ஐயா கையெழுத்து, தேதி, மணி, எல்லாம் அப்படியே இருக்கு.

— அவ போயி மூணு வருஷம் ஆச்சே.

— ஆச்சு.

— மூணு வருஷமா நீ ஒரு வார்த்த கேக்கலையே.

— கேட்டிருந்தா இன்னைக்கு இந்த வண்டியில ஏறியிருப்பியா?

— சரி. வர்றேன். ஆபீசரு முன்னால சொல்லிடுறேன். போடுற கேசு போடட்டும். ஆனா பூவிழிய மட்டும் வெளிய நிக்கச் சொல்லு. அந்தப் புள்ளைக்கு இது தெரிய வேணாம் பவளம். அவ மூஞ்சியப் பாத்து என்னால முடியாது.

— ஆபீசருக்குக் கடுதாசி எழுதுனதே அவதான்ணே. "என் பிறப்பைப் பதியச் சென்ற மாமா பதியவில்லை." மலாய்ல அதுதான் மொத வரி. கடைசியில உன் கையெழுத்துக்கு எடம் விட்டு வச்சிருக்கா.