கிருஷ்ணமணி போடாத குழாய்

இந்தக் கூட்டத்தை நடத்தித் தருகிற நம் சங்கத் தலைவர் ஜலாலுதீன் அவர்களே, மேடையில் இருக்கும் நிர்வாகிகளே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விரலில் ஒட்டிய பசையோடு வடசேரி வரை வந்திருக்கும் பிளம்பர் தோழர்களே, கோட்டாறிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த கிருஷ்ணமணி அம்மையாரின் கணவர் சுயம்புராஜ் அவர்களே, மகள் இந்துஜாவே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த வணக்கத்தை நீங்கள் ஏற்பதா வேண்டாமா என்பதை நான் பேசி முடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சங்கச் செயலாளர் செல்வதாஸ் இரங்கல் உரை ஆற்றுவார் என்று சற்று முன் என் பெயரை அறிவித்தார்கள். என்னைப் பேசச் சொன்னது சங்கம் அல்ல. நேற்று இந்துஜா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “வேற யாரு பேசுனாலும் பத்தாது மாமா. நீங்க பேசணும்” என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். அந்தப் பெண் எதற்காக என்னைக் கேட்டாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

கிருஷ்ணமணி அம்மையார் தோவாளைக்காரர். பூச்சந்தைக்கு மாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு கோடையில் அவர் வீட்டு மோட்டார் குழாய் உடைந்தது. நம் சங்கத்துக்காரர் ஒருவர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று நான்கு நாள் இழுத்தார். ஐந்தாம் நாள் அம்மையாரே உடைந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் பஸ் ஏறினார். கடையில் அதைக் காட்டி, அதற்குப் பொருந்தும் இணைப்புத் துண்டை, கப்ளிங்கை, வாங்கி வந்து தானே ஒட்டினார். கசிவு நின்றது. அடுத்த வாரமே பக்கத்து வீட்டில் அவரைக் கூப்பிட்டார்கள்.

அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவுக்கு விண்ணப்பித்தார். வகுப்பில் இருபத்தொரு பேர். அவர் ஒருவர்தான் பெண். இரும்புக் குழாயில் மரை வெட்டுகிற வேலை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். ஆண்டு முடிவில் எல்லோருடைய இணைப்புகளையும் அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் நின்றவை மூன்றே மூன்று. அதில் ஒன்று அவருடையது.

தொழில் பழகுவதற்கு அவர் என்னிடம் வந்தார். நான் என்ன செய்தேன்? ஆறு மாதம் சிமெண்டுச் சில்லுகளைக் கூட்டச் சொன்னேன். மாடிக்குக் குழாய் சுமக்கச் சொன்னேன். ஒரு நாள் அவர் கேட்டார்: “அண்ணே, தூக்கதுக்கா நான் ஒரு வருசம் படிச்சேன்?” மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளும் அவர் நேரத்துக்கு வந்து நின்றார். அதன் பிறகுதான் மாடியில் சின்னச் சின்ன வேலைகளை அவரிடம் விட்டேன். அதுவும் மனம் வந்து விட்டதல்ல, ஆள் குறைந்ததால் விட்டது.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள். என் வாயிலிருந்துதான் கேட்டிருப்பீர்கள்.

அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடத்து வேலையை எடுத்திருந்தேன். பெயரைச் சொல்லவில்லை. பிழை அவர்களுடையதல்ல. திறப்பு விழாவுக்கு முந்தின நாள், வேலையாட்கள் எல்லோரும் நிற்கும்போதே, அம்மையார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அண்ணே, இத பாருங்க. தரைக்கடியில உள்ள குடிதண்ணித் தொட்டிக்க ஓவர்ஃப்ளோ குழாய நேரா கழிவுத் தொட்டியில எறக்கியிருக்கு. அது அடைச்சா அழுக்கு பூரா இந்தக் குழாய் வழியா குடிதண்ணில வந்து சேருமே.”

“நாளைக்கு விழா. இனி எதையும் உடைக்க முடியாது.”

“ஒரு முழம் குழாய வெட்டுனா போரும் அண்ணே. நானே வெட்டுதேன்.”

“உனக்குச் சொன்னது மாடி வேலை. அத மட்டும் பாரு.”

அந்தக் குழாயைப் போட்டது யார்? நான். தப்பு என்று தெரிந்ததா? அவர் விரலை நீட்டிக் காட்டிய நொடியிலேயே தெரிந்தது. பிறகு ஏன் வெட்டவில்லை? பழக வந்த ஒரு பெண் எல்லோர் முன்னிலையிலும் என் வேலையில் பிழை கண்டுபிடித்துவிட்டாரே என்ற ஒரே காரணம்தான். நேரமில்லை என்பது பொய். அரை மணி நேர வேலை அது.

ஐப்பசி மழையில் கழிவுத் தொட்டி அடைத்தது. அவர் சொன்னபடியே ஆனது. இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் பிழைத்தார்கள். பெற்றோர் திரண்டு வந்தார்கள். பள்ளி நிர்வாகம் என்னை அழைத்து, “இந்த லைனைப் போட்டது யார்?” என்று கேட்டது.

“எங்கூட ஒரு பொம்பளை வேலை பழகுனா. அவ போட்டது” என்றேன்.

தோழர்களே, அந்த வார்த்தையை நான் பதற்றத்தில் உளறவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். எல்லோரும் உடனே நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள். “பொம்பளைய பைப்பு வேலைக்கு விட்டா இப்படித்தான்” என்று இந்த மண்டபத்திலேயே பேசினோம். அவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தோம். அதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அவர் என்னைத் தேடி வந்தார். “அண்ணே, நீங்க அப்படியா சொன்னீய?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. “கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துருவாவ, விடு” என்றேன். யார் மறந்தார்கள்? இரண்டு வருடம் எந்தக் கட்டட வேலையிலும் அவரைச் சேர்க்கவில்லை. மீண்டும் பூக்கட்டப் போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை.

கோட்டாறில் ஹபீபா பீவி என்ற தாய் முதலில் அவரைக் கூப்பிட்டார். கணவர் வளைகுடாவில். வீட்டில் ஆண்கள் இல்லை. குளியலறைக் குழாய் பழுதானால் அந்நிய ஆளை உள்ளே விடத் தயக்கம். அந்த அம்மா இன்று வந்திருக்கிறார். இங்கே நுழையும்போது என்னிடம் சொன்னார்: “நாங்க அவளுக்குச் சாவிய குடுத்துட்டு கல்யாணத்துக்குப் போவோம், தம்பி. திரும்பி வந்தா வேலை முடிஞ்சு தரையும் தொடைச்சிருக்கும்.” ஒரு வீடு பத்து வீடானது, பத்து ஒரு தெருவானது. நாம் திறக்காத கதவை அந்தத் தாய்மார்கள் திறந்தார்கள்.

இதைவிட எனக்கு வெட்கமான ஒன்று மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நோய் வந்த பிறகும் நான் அந்தத் தொட்டியைக் கழுவி மருந்து போட்டேனே தவிர, குழாயை வெட்டவில்லை. வெட்டினால் காரணம் வெளியே தெரிந்துவிடும். அடுத்த வருடம் மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மையார் தானாகவே அந்தப் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, தரையை உடைத்து, அந்தக் குழாயை வெட்டி, இடைவெளி விட்டு வெளி வாய்க்காலில் திருப்பிவிட்டு வந்தார். செய்த தப்பைச் சரிசெய்ய வந்திருக்கிறாள் என்றுதான் அங்கே பேசிக்கொண்டார்கள். அப்படித்தான் பேசுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

கேள்விப்பட்டு நான் அவரிடம் கேட்டேன், “எதுக்கு நீ போன? உன் தலையிலதானே விழும்?”

“பிள்ளைங்க அந்தத் தண்ணியத்தானே அண்ணே குடிக்கு” என்றார்.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மழையைப் பற்றிப் பேசினேன், இந்துஜாவின் படிப்பைப் பற்றிப் பேசினேன். அவரே கேட்டார், “எங்கிட்ட எதாவது சொல்லணுமா அண்ணே?” அந்த நேரத்தில் எனக்காக அவர் வழி திறந்து வைத்தார். “ஒண்ணுமில்லம்மா, ஒடம்பப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார்.

இந்தக் கூட்டத்தில் அவரைப் புகழ்வதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆகவே புகழவில்லை, நடந்ததைச் சொன்னேன். இன்று காலை அந்தப் பள்ளிக்குப் போய் இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதம் தலைவர் கையில் இருக்கிறது. இந்த வருடம் ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு முடித்த இரண்டு பெண்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்கும் தீர்மானத்தைத் தள்ளி வைக்காமல் இன்றே நிறைவேற்றுங்கள். அவர்கள் ஒரு குழாயைக் காட்டித் தப்பு என்று சொன்னால் அன்றைக்கே வெட்டிப் பார்ப்போம் என்று உறுதி எடுங்கள். அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய கடமை அதுதான்.

சுயம்புராஜ் அவர்களே, மகள் இந்துஜாவே, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் எழுந்து வந்தவன் நான்.

தோழர்களே, யாரும் கை தட்ட வேண்டாம். எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். நான் மட்டும் அதில் சேர மாட்டேன். ஒன்பது வருடம் மௌனமாக இருந்துவிட்டேன். நீங்கள் நிற்கும்போது நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்: அந்தக் குழாயைப் போட்டது செல்வதாஸ்.