எரியாத மருந்து

மனைவிக்குப் புடவை எடுக்கப் போகிற ஆண்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், ஐயா. கட்டினால் அவள் எப்படி இருப்பாள் என்று யோசிக்கிறார்கள். கட்டிக்கொண்டு அவள் என்ன வேலை செய்வாள் என்று யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாணமான முதல் தீபாவளிக்கு, காந்தி பஜாரில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு நைலக்ஸ் புடவை எடுத்துக்கொண்டு போனேன். விருத்தாம்பாள் அதன் ஓரத்தைத் திருப்பி, நகத்தால் ஒரு நூலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"மிஷின்ல உக்காந்தா இது வழுக்கும்ங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் சொன்னது சரிதான்.

நான் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று, மாஜிஸ்திரேட் ஐயா, நீங்கள் மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். சொன்னால் எனக்கு எதிராகவே அதைப் பயன்படுத்துவார்கள் என்றும் சொன்னீர்கள். எனக்குப் புரிந்தது. ஒரு போலீஸ்காரரும் என்னை அடிக்கவில்லை. குமாஸ்தா ஐயா எழுதுகிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் பெயர் கன்னியப்பன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூட்டு, ஸ்டவ், டார்ச் லைட் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். விருத்தாம்பாள் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். சிங்கவரத்திலிருந்தெல்லாம் பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள். அளவு நாடா இல்லாமல் ஆளைப் பார்த்தே வெட்டுவாள். கல்யாணத்துக்கு வரும்போதே சொந்தமாக மிஷின் கொண்டு வந்தவள். அவளுக்கு என்னிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

அடுத்தடுத்து நான் வாங்கிக் கொடுத்ததும் அதே கதைதான். ரோல்டு கோல்டு சங்கிலி கறுத்துப் போகும் என்றாள், கறுத்துப் போனது. பவுடர் டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு வாங்கத் தெரியாதுங்க. இனிமே காசக் கையில குடுத்துடுங்க, நானே வாங்கிக்கிறேன்." நானும் சிரித்தேன். ஆசையாக ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய், அது இருக்க வீட்டில் இடமில்லாமல் நிற்கிறவனுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

எண்பத்து மூன்று ஐப்பசியில் அவள் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நேராகப் பார்ப்பதெல்லாம் தெரிந்தது, ஊசியில் நூல் கோர்த்தாள். பக்கவாட்டில் இருப்பதுதான் தெரியவில்லை. மிஷின் பலகையின் முனையில் இடுப்பை இடித்துக்கொள்வாள். நிலைக்கதவில் தோள் படும். சின்னச் சின்னதாகக் கன்றிப் போயிருக்கும். நான் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை எடுத்துவந்து, நீளவாக்கில் கிழித்து, அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டில் இருந்த முனைகளுக்கெல்லாம் சுற்றி ஆணி அடித்தேன்.

வந்தவள் மிஷின் முனையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா இத பண்ணச் சொல்லி?"

"யாரும் சொல்லல. இடிச்சிக்கிறியேன்னு."

"நீங்களா யோசிச்சா பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு, பிடித்த கையை விடாமல் நின்றாள். கல்யாணமாகி நாலு வருடத்தில் முதல் தடவையாக நான் கொடுத்த ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் சொல்லவே கூசுகிறது.

பாண்டிச்சேரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறது என்றார் டாக்டர். நல்ல மனிதர், வயதானவர். எனக்குத் தனியாகவும் விளக்கிச் சொன்னார். "போன பார்வை போனதுதான், திரும்பாது. இருக்கறத கடைசி வரைக்கும் காப்பாத்தலாம். இந்தச் சொட்டு மருந்த தினமும் மூணு வேளை விடணும். ஒரு வேளை கூடத் தப்பக் கூடாது." எனக்கு முழுதாகப் புரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.

அந்த மருந்து பொல்லாத மருந்து. விட்டதும் எரியும். புருவத்துக்கு மேலே தலை விண் விண் என்று தெறிக்கும். கண்ணிலிருந்து இறங்கித் தொண்டை வரை கசக்கும். ஒரு மணி நேரத்துக்குத் தையல் மங்கும். ஆறு மாதம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அடுத்த சித்திரையில் முகூர்த்தம் அதிகம். கல்யாண ஜாக்கெட்டுகள் மலைபோல் குவிந்திருந்தன. மத்தியான வேளைக்கு நான் பாட்டிலை எடுத்ததும் அழுதுவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் உட்டுடுங்களேன். தல வெடிக்குது."

"டாக்டர் தப்பக் கூடாதுன்னாரே" என்றேன். அவளோடு வாதாட எனக்கு மனசில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எனக்கு அடுத்த கடை சாந்த் பாஷா பாயினுடையது, லாரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கடை. அவரிடம் கொஞ்சம் டிஸ்டில் வாட்டர் கேட்டேன். "இன்னா கன்னியப்பா, லாரி கீரி வாங்கிட்டியா?" என்று கிண்டல் செய்துகொண்டே ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, பாவம். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மருந்து பாட்டிலைக் காலி செய்து கழுவி, அதில் நிரப்பினேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றவில்லை, ஐயா. அவள் கண்ணில் அழுக்கு போகும்படி நான் ஒருநாளும் விட்டதில்லை.

விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு எரிச்சலுக்காகக் காத்திருந்தாள். எரியவில்லை. "இது வேற மருந்தா?" என்று கேட்டாள். பாண்டிச்சேரியிலிருந்து வந்த புது மருந்து என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்றைக்கு ஐந்து ஜாக்கெட் முடித்தாள்.

ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். மறுநாளும் முகூர்த்த வேலை இருந்தது. அந்த வாரமும் இருந்தது. எரியாத மருந்தைக் கொடுத்துவிட்டு, மறுபடி எரிகிற மருந்தை எப்படிக் கொடுப்பது? அதன் பிறகு மாதாமாதம் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய்ச் சீட்டைக் காட்டிப் புது மருந்து வாங்கினேன். கடைக்கு வந்து மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, தண்ணீரை நிரப்பி வீட்டுக்கு எடுத்துப்போனேன். வாங்காமலே இருந்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புது லேபிளை அவள் பார்ப்பாள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த மாதம் ஊற்ற மாட்டேன் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு மாதமும் வாங்கினேன். திரும்பி வரும் பஸ் திண்டிவனம் தாண்டும் வரை அந்த நினைப்பு இருக்கும்.

பார்வை மெல்ல மெல்லக் குறுகியது. குறையக் குறைய என் கைக்கு வேலை வந்தது. வெள்ளைச் சோறு தெரியட்டும் என்று கருநீலப் பீங்கான் தட்டு தேடி வாங்கினேன். சர்க்கரை டப்பாவுக்கு ஒரு சுற்று, உப்புக்கு இரண்டு சுற்று, புளிக்கு மூன்று சுற்று என்று கழுத்தில் கம்பி சுற்றினேன். கிணற்று மேடையின் விளிம்பில் வெள்ளை பெயின்ட் அடித்தேன், அதுவும் தெரியாமல் போனபோது அங்கே சொரசொரப்பாகச் சிமெண்டு பூசினேன். கன்றுக்குட்டி காலில் இடறாதபடி அதன் கழுத்தில் மணி கட்டினேன். ஒவ்வொன்றையும் அவள் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும்போது ஒரு சின்னச் சிரிப்பு வரும். எதையும் மடித்துப் பெட்டியில் வைக்கவில்லை. தெருவில் ராஜம்மாள் தன் புருஷனைத் திட்டும்போதெல்லாம் என்னைத்தான் உதாரணம் காட்டுவாள். "கன்னியப்பனப் பாரு, பொண்டாட்டிக்கு இன்னா தேவைன்னு கேக்காமலே தெரிஞ்சிக்குது அந்த ஆளு." அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

எண்பத்தைந்தில் டாக்டர் அழுத்தம் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "மருந்து ஒழுங்கா விடறீங்களாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"ஒரு வேள தப்பாம இவருதான் உடறாரு டாக்டர்" என்றாள். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதற்கு நான் தலைகூடக் குனியவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள், செய்துகொள்ளலாமா என்று. "செஞ்சா இருக்கறதும் போயிடும்னு வெளியில பேசிக்கிறாங்க" என்று சொன்னேன். வெளியில் யாரும் பேசவில்லை.

மேல்மலையனூருக்கு அமாவாசை அமாவாசையாகப் போனோம். வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போட்டால் பார்வை வரும் என்று அவள் நம்பினாள். நான்தான் செய்து வாங்கினேன். அதைக் கையில் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு போட்டாள். அந்தக் கூட்டத்தில் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு நானும் அங்காளம்மனைக் கும்பிட்டேன். இவளுக்குப் பார்வையைக் கொடு என்றுதான் கேட்டேன், பொய்யாக இல்லை. என் சட்டைப் பையில் அந்தப் பாட்டில் இருந்தது. உச்சி வேளை ஆனதும் புளியமரத்தடியில் அவளை உட்காரவைத்து, இமையை விரித்துப் பிடித்து, கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டேன். அம்மன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அப்போதும் நிறுத்தவில்லை.

போன தை மாதத்தில் மிஷினை விற்றோம். துணி வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டாள். அதோடு தையல் முடிந்தது. வாசல் பக்கம் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் ஒரு கண்ணில் தெரிந்தது. எதற்கும் என்னைக் கூப்பிட்டாள். கடையில் இருக்கும்போதும் அவள் கூப்பிடுகிற மாதிரியே எனக்குக் கேட்கும்.

அவள் அண்ணன் தனசேகரன் அவலூர்பேட்டையில் இருக்கிறான். அவன் பெண்ணுக்குக் காதுகுத்து. நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அழைத்துக்கொண்டு போனான். பாட்டிலை நிரப்பிக் கொடுத்தனுப்பினேன். அங்கே பிள்ளைகள் தட்டிவிட்டு அது உடைந்துபோனது. தனசேகரன் அவள் பையில் இருந்த டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கே போய்ப் புதிதாக வாங்கிவந்து அவனே அவள் கண்ணில் விட்டிருக்கிறான்.

மறுநாள் காலையில் அவனோடு திரும்பி வந்தாள். அவனை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தொண்டையில கசந்துச்சு" என்றாள்.

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"எத்தினி நாளா?"

"மூணு வருஷமா."

"இன்னாத்துக்கு?"

அவள் சத்தம் போட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நிதானமாகக் கேட்டாள். அளவு சரியா என்று கேட்கிற குரலில் கேட்டாள். "உனக்கு எரிஞ்சிதில்ல" என்று மட்டும் என் வாயிலிருந்து வந்தது.

"எனுக்கு நீங்க எதுவுமே வாங்கித் தராம இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். அவள் அதைத் தொடவில்லை. ஸ்டேஷனுக்கு நானே போனேன், தனசேகரன் எனக்குப் பிறகுதான் வந்தான்.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். விருத்தாம்பாளின் கண்ணைப் பறித்தவன் நான். நோய் பறித்தது என்று வக்கீல் சொல்வார், அதை நம்ப வேண்டாம். நோயை நிறுத்துகிற மருந்து மாதாமாதம் என் கையில் இருந்தது. ஊற்றியவன் நான். கோபத்தில் செய்யவில்லை, வேறு பெண்ணுக்காகச் செய்யவில்லை. அவளுக்கு நான் தேவைப்பட வேண்டும் என்பதற்காகச் செய்தேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் அப்பீல் போக மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாய்தாவுக்கு அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று ஏட்டு சொன்னார். வரட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும். ஆனால் இந்தக் கட்டிடத்துக்கு ஒன்பது படி இருக்கிறது, ஐயா. காலையில் ஏறும்போது பார்த்தேன். பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஐந்தாவது படி மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். தனசேகரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவான், அவனுக்குப் படி சொல்லத் தெரியாது. என்னை அரை நாள் விட்டால் போதும், போலீஸ் பக்கத்திலேயே நிற்கட்டும், ஒண்ணேகால் அங்குலக் குழாயில் கைக்கு வழவழப்பாக ஒரு பிடி போட்டுக் கொடுத்துவிடுகிறேன். யார் போட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டாம். பிடித்துப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிடும்.