அரிசி மாவு டப்பா

நல்ல ரொட்டியைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம், காது போதும். அடுப்பிலிருந்து எடுத்ததும் கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. எங்கள் வீட்டில் தட்டுவது என் மனைவியின் வேலை. தட்டி, காதை வைத்துக் கேட்டு, "தேறிட்டீங்க, போங்க" என்பாள். மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்ற எனக்கு, அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையில் எழுந்திருக்கத் தோன்றும்.

பூண்டு வைத்தது, எள் தூவியது, வெங்காயம் சுருட்டியது என்று ஆறு வருஷம் சுட்டேன். பிறகு அவளுக்கு வயிறு கெட்டது. குடலைச் சோதித்த டாக்டர், கோதுமை, மைதா எதுவும் ஆகாது, ஆயுசுக்கும் ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது என்றார். வீட்டிலிருந்த மாவையெல்லாம் அன்றைக்கே நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

அரிசி மாவில் சுட்டேன். நீங்கள் சுட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது உப்பாது, கத்தி பட்டால் பொலபொலவென்று உதிரும். அவள் தட்டினாள். செங்கல்லைத் தட்டியதுபோல் இருந்தது. "நல்லாத்தாங்க இருக்கு" என்று தண்ணீர் குடித்து விழுங்கினாள். நாற்பது வருஷம் முகத்துக்கு நேரே குறை சொன்னவள், எனக்காகப் பொய் சொன்னாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் மைதா வாங்கி, இரண்டு கரண்டி கலந்தேன். அளவு தெரிந்தவன் நான். இரண்டு கரண்டி ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். ரொட்டி லேசாக எழும்பியது. "அரிசியை வச்சே சாதிச்சிட்டீங்களே, ஆளு கெட்டிக்காரர்தான்" என்றாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு நான்கு கரண்டி. பிறகு பாதி. கடைசியில் முக்கால்வாசியும் மைதாதான். கலந்ததை 'அரிசி மாவு' என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் வைத்தேன். அந்தச் சீட்டை எழுதி ஒட்டியது அவள்.

அவள் இளைக்க ஆரம்பித்தாள். எங்கேயோ கோதுமை கலக்கிறது, தேடுங்கள் என்றார் டாக்டர். தேடினாள். பாத்திரங்களை மாற்றினாள். தங்கை வீட்டில்கூடக் கை நனைப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். பிறகு பாலை விட்டாள், முட்டையை விட்டாள், பருப்பை விட்டாள். ஒவ்வொன்றை விட்டதும், வலி குறைகிறதா என்று ஒரு வாரம் காத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றுக்கு ஒத்தடம் கொடுப்பேன். ஒருநாள் சொன்னாள்: "எதைத் தொட்டாலும் பயமா இருக்குங்க. இனிமே வேற எதுவும் வேணாம். நீங்க சுடற ரொட்டி ஒன்னைத்தான் நம்பிச் சாப்பிடறேன்."

அன்றைக்குக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து மாவு பிசைந்தேன்.

வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். முப்பத்தோரு கிலோ உடம்பு அதைத் தாங்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, அம்மா நினைவாக ஒரு ரொட்டி சுடலாம் என்று மகள் அந்த டப்பாவைத் திறந்தாள். பிசைந்துகொண்டிருந்தவள் கை நின்றது. மாவு அறுபடாமல் விரலோடு நீண்டு வந்தது. "அப்பா, அரிசி மாவு இப்படி இழுபடாதே" என்றாள்.  உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம், தெரிந்துதான் கலந்தேன். பதினாலு மாசம், வாரத்துக்கு மூன்று ரொட்டி. நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரொட்டி ஒன்றைத்தான் நம்புகிறேன் என்று அவள் சொன்ன பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் எனக்குப் புரியவில்லை. எப்படி நிறுத்துவேன் மேடம்? அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததே அது ஒன்றைத்தானே.