நீதி கேட்டவர்

வடசேரியிலிருந்து புதுக்கடை போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு நண்பர்கள். ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு. அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அங்கே போனது.

“கர்த்தரு நீதியுள்ளவருன்னு தெரிஞ்சு போச்சு மக்கா. இனி அவருகிட்ட நீதியே கேக்க மாட்டேன்.”

“என்ன ஆச்சு?”

“வேலித் தகராறுல எனக்க அண்ணனுக்கு ஒரு பாடம் படிப்பிக்கணும்னு உபவாசம் இருந்து ஜெபிச்சேன். மறுநாளு மாமரத்துல ஏறி நானே விழுந்தேன்.”

“ஆரு தூக்குனது?”

“அண்ணன்தான். அலறலக் கேட்டு வேலியத் தாண்டி ஓடி வந்தாரு. ஆசுபத்திரி வரைக்கும் எனக்க தலைய மடியில வச்சிருந்தாரு.”

“பொறவு?”

“ஞாயிற்றுக்கிழம கோயில்ல சாட்சி சொன்னேன். மனுசன உண்டாக்குனதே தேவ மகிமைக்குத்தான், அதுக்குத்தான் எனக்க உயிரக் காத்தாருன்னு அரமணிக்கூறு நேரம் முழங்குனேன். அண்ணனுக்க ஆமென்தான் எல்லாத்தயும் விட ஒசந்து கேட்டுது. அப்பத்தான் உறைச்சுது. அண்ணனுக்க பேர நான் ஒருக்கா கூட சொல்லல்ல.”

நண்பர் சிரித்தார். “மகிமைய நீயே எடுத்துட்டியா?”

“கர்த்தருக்குச் சேரவேண்டிய பங்கையும் சேத்து.”

அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. கீழே ஆட்டோவோடு காத்திருந்த பெரியவர் படியருகே வந்து தோளைக் கொடுத்தார்.

“அண்ணே, அன்னைக்குச் சாட்சியில ஒரு காரியம் விட்டுப்போச்சு.”

“பேசாம பிடிச்சு இறங்குலே. காலு பத்திரம்.”